ஏரி நடுவில் என்னைப் பெண் பார்த்தார்கள்

சென்னையில் இறங்கியதும் முதல் வேலையாகக் கடலைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். கம்பெனி அனுப்பிய கார் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே ஓடியது. டிரைவரிடம் கேட்டேன்.

"நம்ம சைடுல கடல் ஏது மேடம்? ஏரிதான் கீது. எந்தப் பக்கம் திரும்புனாலும் ஏரி" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் பிறந்து வளர்ந்தவள். உப்புக் காற்று இல்லாத ஊரில் இரண்டு நாள் இருந்தாலே எனக்கு மூக்கடைப்பு வந்துவிடும். கூடவே கோபமும் வரும்.

வந்த வேலை இரண்டு. ஒரகடத்தில் இருக்கும் எங்கள் கிளைத் தொழிற்சாலையில் புதிதாக வந்திருக்கும் சோதனை இயந்திரத்தை ஓடவிட வேண்டும். பிறகு அதைக் கவனித்துக்கொள்ள இங்கிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஆறு மாதப் பயிற்சிக்குப் பினாங்குக்கு வரவழைக்க வேண்டும். இரண்டையும் ஒரே வாரத்தில் முடித்துவிட்டு வா என்று என்னை விமானம் ஏற்றிவிட்டார்கள்.

சுங்குவார்சத்திரத்தில் ஒரு லாட்ஜில் அறை. கீழே டீக்கடை, எதிரே பஸ் நிறுத்தம், விடிய விடிய லாரி சத்தம். எங்கள் ஊரில் தேநீர் கேட்டால் பெரிய குவளையில் வரும். அதை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அடுத்த வீட்டுக் கதை பேசலாம். இங்கே சின்னக் கண்ணாடி கிளாஸ். இரண்டு வாய் உறிஞ்சினால் அடி தெரிகிறது. "பெரிய கிளாஸ் இல்லையா?" என்று மாஸ்டரிடம் கேட்டேன். "ரெண்டு தபா வாங்கிக் குடிங்க மேடம், நானா வாணாங்கறேன்?" என்றார். அன்று முதல் இரண்டு கிளாஸாகவே குடித்தேன். சொல்லக் கூடாது, அந்த டீக்கு எங்கள் ஊர்க் குவளை உறைபோடக் காணாது.

மறுநாள் காலையில்தான் கூத்து நடந்தது. கம்பெனி பஸ் நிறுத்தத்துக்கே வரும், ஏறிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஷிப்ட் மாறும் நேரம். ஒரு பஸ் வரும் என்று நின்றால், ஒரு படையே வருகிறது. எல்லாம் வெள்ளை. எல்லாவற்றிலும் ஜன்னல் திரை. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பாதித் தூக்கத்தில் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு சரியான பஸ்ஸில் ஏறுகிறார்கள். நான் கண்ணைத் திறந்துகொண்டு தப்பான பஸ்ஸில் ஏறினேன்.

பக்கத்து இருக்கைப் பெண் என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். எழுப்ப மனம் வரவில்லை. இறங்கிய பிறகு பார்த்தால் வேறொரு கம்பெனியின் வாசல். காவலாளி என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்க நம்ம ஆளே இல்லியே!" என்றார். பஸ் டிரைவர் இறங்கி வந்து, விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் போனை எடுத்து, "தேவகி, உங்க கம்பெனி மேடம் ஒருத்தர் என் பஸ்ஸுல வந்துட்டாங்க. வந்து அள்ளிகினு போ" என்றார்.

அள்ளிக்கொண்டு போக ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். "நான் டெஸ்டிங் லைன் லீடர் மேடம். உங்கள ஏத்திட்டு வந்தவர் எங்க வூட்டுக்காரர்தான், பார்த்திபன். ஏத்தறதுக்கு முன்னாடி யார் எவர்னு கேக்கவே மாட்டார்" என்றாள். ஹெல்மெட்டை என் தலையில் மாட்டி, பட்டையை இழுத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

அடுத்த இரண்டு நாளும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டினோம். சுற்றி நின்றவர்கள் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்கள். தேவகி மட்டும் கேள்வி கேட்டாள். இது ஏன் இந்தப் பக்கம் சுற்றுகிறது, இங்கே தூசி போனால் என்ன ஆகும், மின்சாரம் போய் வந்தால் முதலிலிருந்து தொடங்குமா? சில கேள்விகளுக்கு நானே புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருந்தது. கேள்வி கேட்கிறவளைத்தான் நான் தேடி வந்திருந்தேன். பினாங்குக்கு வருகிறாயா என்று நேராகவே கேட்டேன்.

அவள் முகம் மலர்ந்தது. உடனே அடங்கியது.

"ஆசையாத்தான் இருக்கு மேடம். பாப்பாவுக்கு நாலு வயசு. நான் போனா எங்க அத்தைதான் பாத்துக்கணும். அவங்க சரின்னு சொல்லணும்."

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"எங்கம்மா சரின்னா எனக்கு டபுள் சரிங்கறார்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. ஒரு லைனையே மேய்க்கிறவள் மாமியாரின் தலையசைப்புக்குக் காத்திருப்பதா? ஆனால் நாலு வயதுக் குழந்தையை நானா பார்த்துக்கொள்ளப் போகிறேன்? வாயை மூடிக்கொண்டேன். திங்கட்கிழமை நான் விமானம் ஏறுவதற்குள் பெயரைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறொரு நாட்டுத் தொழிற்சாலைக்குப் போய்விடும். இதை அவளிடம் மறைக்காமல் சொன்னேன். "தெரியும் மேடம்" என்றாள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை கேண்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே எங்கள் ஊர்ப் பெருமையை அவிழ்த்துவிட்டேன். கடல் உள்வாங்கும் நேரத்தில் நடுவே மணல் திட்டு தலைகாட்டும். சாயங்காலம் படகு பிடித்துப் போனால் கணுக்கால் தண்ணீரில் நின்று சூரியன் விழுவதைப் பார்க்கலாம். வெள்ளைக்காரர்கள் அதற்காகவே வருவார்கள் என்று கொஞ்சம் கூட்டியும் சொன்னேன்.

"இவ்ளோதானா? எங்க ஊர் ஏரியிலயே திட்டு இருக்கு. மாமாகிட்ட மீன் புடிக்கிற படகும் இருக்கு" என்றாள் தேவகி.

மறுநாள் வந்து, "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உங்களக் கூட்டிகினு வரச் சொல்லி அத்தையே சொல்லிட்டாங்க. நீங்க சேலை கட்டிகினு வந்தா நல்லா இருக்கும்" என்றாள். படகுக்குச் சேலையா என்று யோசித்தேன். கோயிலுக்குப் போக வேண்டியிருந்தால் உதவும் என்று கொண்டுவந்த ஒரே ஒரு பட்டுச் சேலைதான் பெட்டியில் இருந்தது.

ஞாயிறு மாலை, பென்னலூர் தாண்டி ஒரு கிராமம். ஒரு பக்கம் நீலக் கூரை போட்ட ஆலைகள், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய வரை ஏரி. கரை மேலே ஏறி நின்றதும், ஏரியைப் பற்றி முதல் நாள் நான் நினைத்த அத்தனையையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். எதிர்க்கரையே மங்கலாகத்தான் தெரிந்தது. கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதந்தன. நீர்க்காகங்கள் பட்டுப்போன மரத்தில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன.

தேவகியின் மாமனார் முனுசாமி படகோடு காத்திருந்தார். பகலில் ஓர் ஆலையில் தோட்ட வேலை, ஓய்வு நேரத்தில் ஏரியில் மீன். படகைச் சோப்புப் போட்டுக் கழுவி, உட்காரப் பாய் விரித்திருந்தார். மீன் வாசனை என்னவோ போகவில்லை. மாமியார் கன்னியம்மா அரக்கு நிறப் பட்டில், தலை நிறையப் பூவோடு நின்றார். என்னை உச்சி முதல் கால் வரை ஒருமுறை பார்த்தார். "வாங்கம்மா. திரும்புங்க" என்று சொல்லி, அவரே என் தலையில் ஒரு முழம் மல்லிகையைச் சொருகினார். பேத்தி யாழினி என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்து, "நீதான் பெனாங்கா?" என்றாள்.

பார்த்திபன் பஸ் ஓட்டப் போயிருந்தார். தேவகி ஞாயிற்றுக்கிழமையும் லைன் லீடர்தான். மிதக்க உதவும் என்று ஆளுக்கொரு காற்றடித்த லாரி டியூபைப் பக்கத்தில் வைத்தாள். யாரும் எழுந்து நிற்கக் கூடாது, ஓரத்தில் சாயக் கூடாது என்று ஒரு சொற்பொழிவு. பிறகு தலைகளை எண்ணினாள். "ஏறுனது அஞ்சு பேரு, இதுக்கு இன்னாடி எண்ணிக்க?" என்றார் கன்னியம்மா.

முனுசாமி மூங்கில் கழியால் ஊன்றித் தள்ளினார். படகு சத்தமில்லாமல் நழுவியது. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். விரலை நனைத்தேன்; வெதுவெதுப்பாக இருந்தது. நான் அந்தச் சுகத்தில் கண்ணை மூடியபோதுதான் கேள்விகள் தொடங்கின.

"உங்களுக்கு எத்தினி பசங்க?"

"ரெண்டு பையன்."

"சொந்த வூடா?"

"சொந்த வீடுதான்."

"வூட்டாண்ட கோயில் கீதா?"

"தெருமுனையில மாரியம்மன் இருக்கு."

"குலதெய்வம் இன்னா?"

அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறினேன். என் கொள்ளுத் தாத்தா கப்பல் ஏறி வந்தபோது எந்த ஊர், எந்தச் சாமி என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கவில்லை. அவர் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்து மரத்தடி முனீஸ்வரனைத்தான் கும்பிட்டு வருகிறோம் என்றேன். கன்னியம்மாவுக்கு வாயெல்லாம் பல். "யோவ், கேட்டியா? முனீஸ்வரன் அங்கியும் கீறாராம்!" என்று கணவரைப் பார்த்துக் கத்தினார். முனுசாமி கழியை ஊன்றியபடியே, "அவரு எங்கதான் இல்ல?" என்றார்.

திட்டு வந்தது. படகின் அடி மணலில் சரசரவென்று உரசி நின்றது. "வாய்க்கா கொண்டாந்து கொட்டுன மணலு. மழைக்கு முழுகிப்பூடும், மாசி பொறந்தா எந்திரிச்சிக்கும்" என்றார் முனுசாமி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர். பாதத்துக்கு அடியில் மணல் குழைந்து குளிர்ந்தது. குட்டி மீன்கள் வந்து விரல்களைக் கொத்திப் பார்த்தன. யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள், நானும் குதித்தேன். ஒரு வாரமாக இயந்திர அறைக் குளிரில் விறைத்துக் கிடந்த உடம்புக்கு அப்படி ஒரு சந்தோஷம். கடல் இல்லையே என்று மூக்கைச் சிந்தியவள் நான்தானா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

திட்டின் மேட்டில் நாலு பேர் உட்காரும் அளவுக்கு ஈர மணல் இருந்தது. பாயைப் போட்டார்கள். தூக்குவாளியிலிருந்து வாழைக்காய் பஜ்ஜி வந்தது. அடுத்த டப்பாவிலிருந்து முந்திரி போட்ட கேசரி. பட்டுச் சேலை, தலையில் பூ, சொந்த வீடா என்ற விசாரணை, இப்போது பஜ்ஜி, கேசரி. பஜ்ஜியைப் பாதி கடித்த நிலையில்தான் எனக்கு உறைத்தது. நான் சூரியன் மறைவதைப் பார்க்க வரவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். மருமகளை யாரை நம்பி அனுப்புகிறோம் என்று தெரிய வேண்டாமா? அதற்கு அவர்களுக்குத் தெரிந்த முறை இது ஒன்றுதான்.

தேவகியைப் பார்த்தேன். அவள் கேசரியைக் கரண்டியால் வெட்டி வெட்டி வைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே பயமும் வந்தது. என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதுகூட நான் இப்படி நிமிர்ந்து உட்காரவில்லை.

கன்னியம்மா அடுத்த கேள்வியை மெதுவாகத்தான் கேட்டார். "இப்பிடி நாடு நாடா போயிகினு கீறியே, உன் புள்ளைங்கள ஆரு பாத்துகினா?"

நீங்கள் எப்போது நீயானது என்று கவனிக்க நேரமில்லை.

"என் மாமியார்தான்."

"சந்தோசமா அனுப்பிச்சாங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண் என்ன சொல்ல வேண்டுமோ அது. ஆனால் என் வாய் எனக்கு அடங்காது.

"இல்ல. முதல் தடவை ஜப்பானுக்குச் சண்டை போட்டுட்டுத்தான் போனேன். சின்னவனுக்கு அப்ப மூணு வயசு. திரும்பி வந்தும் அவங்க எங்கூட ரொம்ப நாள் பேசல. அவங்கமேல எனக்கும் கோபம், எம்மேல அவங்களுக்கும் கோபம். இப்ப வீட்டுக்கு யாராவது வந்தா, என் மருமக ஜப்பானுக்குப் போய்ப் படிச்சவன்னு அவங்கதான் முதல்ல சொல்றாங்க. ஆனா அன்னிக்குச் சிரிச்சுக்கிட்டு அனுப்பல."

தேவகி கரண்டியை வைத்துவிட்டாள். கெடுத்துவிட்டீர்களே என்று அவள் முகம் சொன்னது. அந்த நேரம் பார்த்து மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானம் ஒன்று தலைக்கு மேலே தாழ்வாகப் போனது. யாழினி அண்ணாந்து கை காட்டினாள்.

"அம்மா, நீ இதுலதான் போவியா?"

கன்னியம்மா டப்பாக்களை மூடத் தொடங்கினார். மூடியை அழுத்திக்கொண்டே, "வூட்டுக்குப் போயி கலந்துகினு, சொல்லி அனுப்புறோம்" என்றார். இந்தப் பதிலுக்கு அர்த்தம் என்னவென்று பெண் பார்க்கப்பட்ட எல்லாப் பெண்களுக்கும் தெரியும். என் வாயால் ஒரு பெண்ணின் வாய்ப்புப் போகிறதே என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது.

அப்போது சூரியன் இறங்கத் தொடங்கியது. ஆலைக் கூரைகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில் அது பெரிதாகச் சிவந்து நின்றது. ஏரி முழுக்க அந்தச் சிவப்பு பரவியது. யாழினியின் முகம், பாய், காலி டப்பா, எல்லாம் ஒரே நிறம். கூழைக்கடாக்கள் வரிசையாக எழும்பி எங்களைத் தாண்டிப் பறந்தன. மதியம் தொடங்கும் பி ஷிப்டில் இருந்தால் இதையெல்லாம் பார்க்கவே முடியாது, உள்ளே ஜன்னலே கிடையாது என்றாள் தேவகி. மனம் கனத்திருந்தும் நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். எங்கள் ஊர்க் கடலில்கூட இப்படிக் கிடைப்பது எப்போதாவதுதான்.

"இருட்டறதுக்குள்ள ஏறுங்க" என்று முனுசாமி அவசரப்படுத்தினார். எல்லோரும் ஏறினோம். அவர் கழியை ஊன்றித் தள்ளினார். படகு அசையவில்லை. இன்னொரு முறை தள்ளினார். அடி மணலில் ஆழப் பதிந்துவிட்டது. எல்லோருமாகச் சேர்ந்து தின்ற கேசரியின் கனம் என்று அவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது.

தேவகி சுடிதாரை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கப் போனாள். "நீ கொயந்தைய புடிச்சிகினு உக்காரு. ஒன்ன இப்ப ஆரு கூப்ட்டா?" என்று கன்னியம்மா அதட்டினார். அதட்டிவிட்டு அரக்குப் பட்டோடு அவரே தண்ணீரில் இறங்கினார். அவர் இறங்கிய பிறகு நான் எப்படி உட்கார்ந்திருப்பது? நானும் இறங்கினேன்.

இரண்டு பேரும் படகின் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்தோம். "ஏலேலோ போடுங்க" என்று படகிலிருந்து தேவகி ஊக்கினாள். "நீ கம்முனு இரு" என்றார் கன்னியம்மா. ஒரு தள்ளு. இன்னொரு தள்ளு. மூன்றாவதில் படகு திடீரென்று விடுபட்டு வழுக்கிக்கொண்டு போக, நான் முகம் குப்புற விழுந்தேன். என் மேல் கன்னியம்மா விழுந்தார். எழ முயன்று இரண்டு பேரும் சேர்ந்து மறுபடி விழுந்தோம். கடைசியில் முயற்சியை விட்டுவிட்டுத் தண்ணீரிலேயே உட்கார்ந்தோம். பட்டுச் சேலை பலூன் மாதிரி உப்பி மிதந்தது. அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு நிற்கவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

படகு கொஞ்ச தூரம் போனதும் முனுசாமி கழியை ஊன்றி நிறுத்தினார். கன்னியம்மா முகத்தை வழித்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"ஏரோப்ளேன்ல நார்த்தங்கா ஊறுகா வுடுவானா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எது?"

"ஊறுகா. அவளுக்கு அது இல்லாம மோர்சோறு எறங்காது. வுடுவானா, மாட்டானா?"

"நல்லா மூடி, பெட்டிக்குள்ள வெச்சா விடுவாங்க" என்றேன்.

"அப்ப செரி."

அவ்வளவுதான். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "கலந்து பேசிட்டுச் சொல்றேன்னீங்களே!"

"அது சும்மா. ஒடனே சரின்னா மதிப்பு இன்னா கீது?" என்றவர், கொஞ்சம் நிறுத்தினார். "எம் மாமியா சிரிச்சிகினே அனுப்பிச்சாங்கன்னு நீ சொல்வேன்னு பாத்தேன். சொல்லியிருந்தா இவள உன்கூட அனுப்பியிருக்க மாட்டேன். பொய் சொல்றவகிட்ட எங்க வூட்டுப் பொண்ண எப்படி வுடறது? எனக்கும் அனுப்ப மனசே இல்லதான். ஆனா மனசு இல்லாங்காட்டி அவ நிக்கணுமா?"

அவர் கண் நனைந்திருந்தது. ஏரித் தண்ணீர்தான் என்று சொல்ல எனக்கு மனமில்லை. என் கண்ணும் அப்படித்தான் இருந்தது.

பிறகு வாயில் இரு கையையும் குவித்து, ஏரியே அதிரும்படி படகைப் பார்த்துக் கத்தினார். "அடியே தேவகி! போயிட்டு வா! கொயந்தைய நான் பாத்துக்கிறேன்! ஆனா ஒன்னு! சண்ட போட்டுட்டு வந்தேன்னு அங்க எவகிட்டயும் சொல்லக் கூடாது! எங்க அத்ததான் அனுப்பிச்சாங்கன்னு சொல்லணும்! சொல்வியா?"

யாரும் எழுந்து நிற்கக் கூடாது என்று சட்டம் போட்ட தேவகி படகில் எழுந்து நின்றாள். "உக்காரும்மா, கவுந்துடும்!" என்று முனுசாமி அலறினார். குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டு, ஓரத்தைத் தாண்டித் தண்ணீரில் குதித்தாள். எங்களைப் பார்த்து ஓடி வந்தாள். முழங்கால் தண்ணீரில் ஓட முடியாது. அவள் ஓடினாள்.